மஞ்சணத்தி விறகில் ஏற்றிய உலை

மழை பிழையாது பெய்க. மலைச்சுனை வற்றாதிருக்க.

மறைந்த தம் மகனின் இடத்தில் அமர்ந்து முகில்வரை நாட்டைக் காத்துவரும் பெருங்கொற்றி தேவியார், அலை ஓயாத கரையும் கலம் ஓயாத துறையும் உடைய முந்நீர் நாட்டு மன்னர், சம்பந்தி முறையில் தமக்கு அண்ணனாராகிய கலமேந்தியாரின் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோல் சாயாதிருக்க. தங்கள் துறைவிளக்கு அணையாதிருக்க. தங்கள் தேவியார் நலமே வாழ்க.

தங்கள் ஓலை வந்தது. தங்கள் மகள் பவழநங்கை, கணவனை இழந்தபின் இவ்வரண்மனைக் கொல்லையில் கோடரி பிடித்து விறகு வெட்டுகிறாள் என்றும், அனல் இல்லாத கொல்லைமரக் கட்டையே அவளுக்கு எரிக்கக் கிடைக்கிறது என்றும், தூதர் பூதியார் தம் கண்ணால் கண்டு சொன்னதாக அதில் உள்ளது. வேண்டாத மருமகளுக்கே அத்தகைய விறகு தரப்படும் என்பது தங்கள் நாட்டு வழக்கு என்றும், வரும் முழுநிலவுக்குள் மகளைப் பல்லக்கேற்றி அனுப்பாவிடில் படை வரும் என்றும் உள்ளது.

பூதியார் பொய் சொல்லவில்லை. கோடரியும் மெய், விறகும் மெய். ஆயினும் அவர் கண்டது பாதி. மீதி இது.

பெருங்கொற்றி அரசியாரின் மகன் இளவரசன் சேந்தன் மழைக்காலத்துக் காய்ச்சலில் மறைந்தபின், பவழநங்கை பின்கட்டை விட்டு வெளியே வரவில்லை. புளிய விறகிலும் கருவேல விறகிலும் வெந்த சோறும் கறியும் பெரிய மடைப்பள்ளியிலிருந்து தட்டில் போகும், போனபடியே திரும்பும். அரசியார் நாள்தோறும் அவள் வாசல்வரை நடந்தார், உள்ளே போகவில்லை. தம் நெஞ்சில் உள்ள அதே துயரத்தை இன்னொரு முகத்தில் காணும் திடம் அவருக்கு இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே மூச்சுக் கேட்கிறதா என்று பார்த்துத் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் விடிந்ததும் கொல்லையில் கோடரிச் சத்தம். பணிப்பெண் வஞ்சி ஓடிவந்து, "தாயே, சின்னம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. காத்துல சாஞ்ச மரத்தைப் போட்டு வெட்டறாங்க. கிட்டப்போனா கோடரியைக் காட்டறாங்க" என்று முறையிட்டாள். இரக்கத்துக்கு முன்னே அரசியார் நெஞ்சில் வந்தது நாணம். காவலர் என்ன நினைப்பர் என்பதே அவருடைய முதல் எண்ணம். அந்த நாணத்தோடுதான் கொல்லைக்கு விரைந்தார்.

அங்கே மஞ்சணத்தி மரம் வெட்டுண்டு கிடந்தது. மஞ்சள் அரைத்த அம்மியைப்போல அதன் உட்புறம் பளிச்சென்றிருந்தது. பக்கத்தில் பூவரசின் ஒடிந்த கிளை. அதன் நடுவயிரம் வெற்றிலை போட்ட வாயின் நிறம். முள்முருங்கைத் துண்டுகள் தயிரின் வெண்மை. பவழநங்கை அவற்றை நிறம் நிறமாக அடுக்கி, மூன்று கல் கூட்டி, பானை ஏற்றியிருந்தாள். தீ எரிந்தது; ஆனால் சோம்பலாக எரிந்தது. அரசியார் பானையைத் தொட்டுப் பார்த்தார். கை சுடவில்லை.

அரண்மனையில் விறகுக்கு என்ன பஞ்சம் என்று அரசியார் வினவினார். அவள் தலை நிமிராமல், "இது சோறு வேகறதுக்கு இல்லை அத்தை. உங்களுக்கு வேலை இருந்தா போங்க. வேகறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்றாள்.

அரசியார் போகவில்லை. எதிரே தரையில் அமர்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் சொன்னாள். புகுந்த வீட்டில் முதல் உலையைத் தான் வெட்டிய விறகில் ஏற்றுவது தங்கள் நாட்டு மணப்பெண்ணின் கடன் அல்லவா? மலைநாட்டு மரம் எதுவும் அறியாத புதுப்பெண், நிறம் அழகாக இருக்கிறதென்று இம்மரங்களையே தேர்ந்து வெட்டினாளாம். பகல் கழிந்தும் உலை கொதிக்கவில்லையாம். சேந்தன் அரசவைக்குப் போகாமல் அவளோடு அமர்ந்து விசிறினானாம். "என்ன பிள்ளை இது, விறகுக் கட்டா, வளையல் கடையா? பாத்துக்கிட்டே இருந்தா பசி அடங்கிடும்னு நெனச்சியா?" என்று சீண்டினானாம்.

அந்த நாள் அரசியாருக்கும் நினைவு வந்தது. வயிற்றுவலி என்று மகன் அவைக்குச் சொல்லியனுப்ப, பதறிப்போய் ஓமக் கசாயம் காய்ச்சி அனுப்பியவர் அவரே. அதைச் சொன்னதும் பவழநங்கை முதன்முறையாக நிமிர்ந்தாள். "ஐயோ அத்தை, அந்தக் கசாயத்தை அவர் குடிக்கலை. என் மூக்கைப் பிடிச்சு என் வாயில ஊத்திட்டார்!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்க முடியாமல் அழுதார்கள்.

மகனுடைய எல்லா நாளும் தம்முடையவை என்று எண்ணியிருந்த தாய் அவர். தாம் அறியாத ஒரு நாளைக் கேட்டபோது பொறாமை முள்ளாய்க் குத்தியது உண்மை. ஆனால் அந்த முள் நிலைக்கவில்லை. இனி அவனிடமிருந்து எதுவும் வராது என்று கதவடைத்திருந்தவருக்கு அவனிடமிருந்தே புதிதாய் ஒரு நாள் வந்து சேர்ந்தது. புளி, கருவேல் போன்ற வல்விறகாக இருந்தால் சோறு பொங்கி இறங்கியிருக்கும்; பேச்சுக்கு இடமே இருந்திராது. பொழுது சாயும்போது பாதி வெந்த சோற்றை மருமகள் உண்டாள், மாமியாரும் உண்டார்.

அதுமுதல் அந்த அடுப்பு எரிகிறது. அரசியாரும் கோடரி பிடிக்கிறார், கை கொப்பளித்திருக்கிறது. ஒவ்வொரு உலைக்கும் சேந்தனின் ஒரு நாளை அவள் சொல்கிறாள். அவனுடைய பிள்ளைப்பருவத்து நாள் ஒன்றை இவர் சொல்கிறார்.

பூதியார் வந்தபோது கோடரி பவழநங்கை கையில் இருந்தது. அடுப்பூதிக் கொண்டிருந்த கிழவியைப் பணிப்பெண் என்று எண்ணி, "ஏம்மா, உங்க ராணி எங்க?" என்று அவர் கேட்டார். முகமெல்லாம் கரியோடு, நான்தான் ராணி என்று சொல்லக் கூசி, அவையில் இருப்பார் என்று கைகாட்டி அனுப்பிவிட்டவர் அரசியாரே. ஆகையால் தூதர்மேல் சினம் வேண்டா.

இன்று தங்கள் ஓலையை அரசியார் தம் வாயால் மருமகளுக்குப் படித்தார். தந்தை அழைக்கிறார், பல்லக்கு ஆயத்தம், போவதும் இருப்பதும் உன் விருப்பம் என்றார். அவள் போய்விட்டால், சேந்தனைப்பற்றிப் புதிதாய்ச் சொல்ல இந்நாட்டில் வேறு எவரும் இல்லை.

பவழநங்கை ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். பிறகு, "உலை ஏத்திட்டேன் அத்தை. இறக்கிட்டுச் சொல்றேன்" என்றாள்.

இவ்வோலை எழுதும் இந்நேரம்வரை அந்த உலை கொதிக்கவில்லை.

ஆதலால் இங்குள்ளோருக்கு இட்ட கட்டளை இது. வாயில் காப்போர் எந்நேரமும் கதவைத் திறந்தே வைக்க. இளையதேவி பவழநங்கை புறப்பட்டால் எவரும் தடுக்காதிருக்க. தங்கள் தேவியார் மகளைக் காண வந்தால் கொல்லை வழியே அழைத்துவந்து அடுப்பருகே அமர்த்துக. அந்த அடுப்பில் ஒருவரும் வல்விறகு இடாதிருக்க. அனல் தாழும்போது மஞ்சணத்திக் கட்டை ஒன்றை அடுப்புக்குள் தள்ளுவதைத் தவிர அரசியாரிடம் வேறு சூழ்ச்சி இல்லை.

அதில் ஒரு துண்டு இவ்வோலையோடு கட்டி வருகிறது. நிறம் பார்த்து, மகளின் சோறு வேகும்வரை அண்ணனார் பொறுத்தருள்க.

இது பெருங்கொற்றி தேவியார் சொல். அரக்கில் பதிந்தது முகில்வரை இலச்சினை. ஓரத்தில் பதிந்த கரி, அவர் விரல்.