பூட்ஸோடு ஏறிய சாரம்

தம்பி,

இன்று காலை ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நனைந்த தேங்காய்நார்க் கயிறு ஏற்றிய வண்டி ஒன்று பக்கத்தில் போனது. அந்த வாசம் மூக்கில் ஏறினதும் உன் சட்டைதான் ஞாபகம் வந்தது. மஞ்சக்காமாலையில் நீ போன பிறகு அந்த வாசம் நம்ம வீட்டுக்குள் வரவே இல்லை.

சாரம் கட்டுவதில் உன்னை மிஞ்ச சீவலப்பேரியில் யார் இருந்தார்கள்? கோயில் கோபுரத்துக்கே கட்டினவன் நீ. கங்கைகொண்டானில் புதுசாக மில் கட்டுகிறார்கள் என்று ஆசையோடு போனாய். அங்கே சவுக்குக் கம்பும் கயிறும் கிடையாது, எல்லாம் இரும்புக் குழாய். பரீட்சையில் பாஸாகி லைசென்சு வாங்கினவன்தான் ஏறலாம் என்றுவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் பம்பாய்க்குப் போகிறேன் என்றாய். உன்னை அவ்வளவு தூரம் விட எனக்கு மனசில்லை.

பரீட்சையில் குழாயெல்லாம் கச்சிதமாக மாட்டினாயாம். தலையில் தொப்பி, இடுப்பில் பெல்ட்டு, எல்லாம் சரி. உச்சியில் நின்ற உன்னைப் பார்த்து ஆபீசர் கேட்டாராம், "பூட்ஸ் எங்கய்யா?"

"கீழ பத்திரமா இருக்கு சார்!"

கோபுரச் சாரத்தில் செருப்போடு ஏறிப் பழகாத கால். குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உன்னை அறியாமலே கழற்றி வைத்திருக்கிறாய். பெயில்! அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்.

"காலுக்குக் கண்ணு உண்டுக்கா. பூட்ஸ் போட்டா அது குருடாயிருது" என்று முனங்கினாய்.

"இரும்பு கால்ல விழுந்தா எந்தக் கண்ணு வந்து பாக்கும்லே? போடு!" என்றேன். அந்த மாதம் முழுக்க பூட்ஸோடு வரப்பில் நடந்தாய், மாட்டுக் கொட்டகையில் ஏறி இறங்கினாய். "அண்ணாச்சி, மிலிட்டரி எப்ப கிளம்புது?" என்று நடவு நட்ட பொம்பளைகள் சிரித்தார்கள்.

அடுத்த பரீட்சைக்கு நானும் வந்தேன். குழாயை ஒற்றிக்கொண்டாய். கை பைய பூட்ஸ் பக்கம் போனது!

"ஏலே, கழட்டாத!"

வேலிக்கு வெளியே நின்று நான் போட்ட சத்தத்தில் ஆபீசரே திரும்பிவிட்டார்.

"நாடாவ இறுக்குதேன்க்கா, சும்மா இரு!"

மடமடவென்று ஏறினாய். பெல்ட்டை மாட்டிக் கையைத் தூக்கினாய். "பாஸ்!" என்றார் ஆபீசர். அப்போது நான் குதித்த குதி! இறங்கி வந்து சொன்னாய், "மேல இருந்து பாத்தா நம்ம ஊரு பச்சையா தெரியுதுக்கா. அத விட உன் வாய்தான் பெரிசா தெரிஞ்சுது." பம்பாய்ப் பேச்சு அன்றோடு நின்றது.

இப்போதும் சாரம் கட்டின இடத்தில் நின்றுவிடுவேன். எவனாவது வெறுங்காலோடு ஏறினால், "ஏலே, பூட்ஸ் எங்க?" என்று சத்தம் போடுவேன். "நீங்க யாரு ஆச்சி?" என்று கேட்பான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றா சொல்வேன்? நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்:

"லைசென்சு வாங்கினவனுக்கு அக்கா!"