உன் அறை வாசலில் ஒரு பாலம்

அண்ணா,

"கையால தண்டவாளம் போடுறியா? உன் பொம்மை ரயில் நாலடி தாண்டாது" என்று சொல்லிவிட்டுத்தானே வீட்டைவிட்டுப் போனாய்? நேற்று அது, சுவரோரமாக இடுப்புயரத்தில் நான் அடித்த பலகைமேல், உன் அறையைப் பதினொரு சுற்று சுற்றியது. ஒரு சக்கரம்கூடத் தடம் புரளவில்லை. அடிக்கட்டைகளைச் சீவியதும் நான், அவற்றின்மேல் தண்டவாளத்தை ஆணியடித்ததும் நான்.

எட்டிப் பார்த்த அம்மா, "அவன் வந்தா எப்படிடி உள்ள போவான்?" என்றாள். அந்தப் பலகைக்கு அடியில் குனிந்தே போய்வந்ததில், உன் வாசலை மறித்திருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நான்கு நாள் வேலையை ரம்பத்தால் அறுத்தேன். இப்போது அங்கே கீல் வைத்த பாலம் இருக்கிறது. ஒரு விரலால் தூக்கலாம்.

நீ வரும்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தால் வாசலில் கொஞ்சம் நில். வண்டி போனதும் நானே தூக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நாலடி தாண்டிய தங்கை