பென்சிலில் நான் எழுதியவை

மெல்ஃபி, செப்டம்பர் 21

அன்புள்ள டோனாட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர மற்றபடி நலம். நீயும் அந்த ஈரக் காற்றில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை முந்திக்கொண்டது, திராட்சை பாதி கொடியிலேயே அழுகிவிட்டது, அப்பாவின் கல்லறைக்கு இந்த மாதம் ஒருமுறைதான் போக முடிந்தது. சனிக்கிழமை என் தங்கை மகன் வீத்தோ நீ இருக்கும் பிரேமனிலிருந்து வந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டதும் மழுப்பினான், இரண்டாவது காப்பிக்குப் பிறகுதான் வாய் திறந்தான். ஜெர்மன் தேர்வில் இரண்டாம் முறையும் தவறிவிட்டாயாம், நவம்பரிலும் தவறினால் செவிலியர் வேலை போய்விடுமாம். இதை அவன் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது. "வகுப்ப ஒரு நாள்கூட விடல பெரியம்மா. ஆனா வீட்டுப்பாடம் எல்லாம் கூடத் தங்கியிருக்கிற பியேரா போட்டுக் குடுக்குறா, அக்கா அதப் பாத்து முத்து முத்தா எழுதிக் கொண்டுபோறா. கையெழுத்துக்குத் தேர்வு வச்சா முதல் பரிசு அவளுக்குத்தான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. பார்த்து எழுத உன்னைப் பழக்கியவள் நான்தானே. கன்னியர் மடத்தில் படித்தபோது என் நோட்டில் ஒரு சிவப்புக்கோடு விழுந்ததில்லை. நீ அழித்து அழித்து ஓட்டையாக்கிய தாளை என்னால் சகிக்க முடியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் பள்ளியில் கொடுத்த விடுமுறைப் பயிற்சிப் புத்தகம் முழுவதையும் நானே பென்சிலில் லேசாக எழுதிவைத்தேன், ஆகஸ்டு கடைசியில் அதன்மேல் நீ மையால் எழுதினாய். உன் ஆசிரியை சிஸ்டர் ஜெசுவால்டா கண்டுபிடித்துவிட்டார். "என்ன சிஞோரா, உங்க பொண்ணுக்கு ஆகஸ்டுல நாப்பது வயசு, செப்டம்பர்ல ஏழு வயசு!" என்றார். பொறாமை என்று நினைத்து ஒரு வருடம் வேறு கோவிலுக்குப் பூசைக்குப் போனேன். அப்பாவும் சொன்னார், "தப்பாவே எழுதட்டும் எர்சிலியா, அந்தத் தப்பாவது அவளோடதா இருக்கும்." உங்கள் கடையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல இப்போது அவர் இல்லை.

வகுப்பில் எப்படி என்று காட்டத்தான் முடியும். வீட்டில் தனியாகத் தடுமாறித் தடுமாறிச் செய்தால்தான் அது கைக்கு வரும். ஊசி போடக் கற்றபோது ஒரு மாதம் ஆரஞ்சுப் பழங்களைக் குத்திக்கொண்டிருந்தாயே, அதை உனக்காக நான் செய்ய முடியவில்லை. அதனால்தான் அது உனக்கு வந்தது.

பியேரா எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடு. புதிய பயிற்சிப் புத்தகம் வாங்கித் தப்பும் தவறுமாக நீயே எழுது. உன் கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் கிழவி தனியாக இருக்கிறாள், பேச ஆளில்லாமல் ஏங்குகிறாள் என்று வீத்தோ சொன்னான். ஞாயிறு நான்கு மணிக்கு என்னோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் நம் மொழியில் பேசுகிறாயே, தேர்வு முடியும்வரை அது வேண்டாம். அந்த நேரத்தில் அவளிடம் போய் உட்கார். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ கூப்பிட்டாலும் நான் எடுக்கமாட்டேன், மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மாதா உன்னைக் காக்கட்டும், அப்பாவின் ஆசி உன்னோடு இருக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. பதில் கடிதம் ஜெர்மனிலேயே எழுது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால் திருத்தமாட்டேன்.

உன் அம்மா,
எர்சிலியா