பிளேடு தப்பு என்று அப்பாவுக்கு எழுது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் இருக்கிறேன், உன் அப்பாவைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பேத்திக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது, உன் அத்தையிடம் காட்டினேன், சிரிப்பு அப்படியே தன் சாயல் என்கிறாள், என் கல்யாணத்தன்று என் பல்லைப் பற்றி அவள் சொன்னது எனக்கு மறந்துவிட்டது என்று அவளுக்கு நினைப்பு.

அப்பா டிப்போ வேலையை முடித்து வந்ததிலிருந்து கல் அறுக்கிறது உனக்குத் தெரியும், ஆற்றில் பொறுக்கிய கல்லை இரண்டாக்கி உள்ளே இருக்கிற கோடுகளைப் பார்த்தால் அந்த மனுஷனுக்குச் சோறு வேண்டாம், போகட்டும் என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையைக் கொடுத்தேன், வினை உன் பார்சலில் வந்தது. ஓரமெல்லாம் இடைவெளி விட்டுப் பல் பல்லாக ஒரு வைர பிளேடு அனுப்பினாயே, அது காங்கிரீட் அறுக்கிறதாம். அதைக் கைமிஷினில் மாட்டித் தண்ணீரே இல்லாமல் அறுக்கிறார், கையில் பிடிக்கிற மிஷினில் தண்ணீர் விட்டால் கரண்ட் அடிக்கும், அதனால் கல்லெல்லாம் மாவாகப் பறக்கிறது, கொடியில் காய்கிற துணியில் தூசி, தலையணையில் தூசி, அவர் புருவத்தில் தூசி. நாலு மாதமாக இருமல், மாடி ஏற மூன்று தடவை நிற்கிறார். போன வாரம் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போனது போச்சும்மா, இனிமே ஒரு சிட்டிகை தூசி உள்ள போகக்கூடாது என்றார். இவர் வெளியே வந்து, அந்த ஆளு ஒரு கல்லாவது அறுத்திருப்பானா என்று கேட்கிறார்.

நானே கடைக்குப் போனேன், ஹார்டுவேர் கடை சோடாபுட்டியிடம். அவன் பொறுமையாகச் சொன்னான், இந்தக் கல்லுக்கு ஓரம் முழுசா இருக்கிற மெல்லிசு பிளேடு வேணும்மா, கல்லு கெட்டியா இருந்தா பிளேடு சீக்கிரம் தேயுறதா இருக்கணும், அப்பத்தான் உள்ள இருக்கிற வைரம் புதுசு புதுசா வெளிய வரும், பாதி பிளேடு தண்ணித் தொட்டியில முங்கியே சுத்தணும், தூசி சேறா கீழ விழுந்துடும் என்று. அதற்கென்றே ஒரு மேஜை மிஷினை வீட்டுக்கே தூக்கி வந்தான், ஒரு வாரம் வச்சுப் பாருங்க அண்ணே என்றான். உன் அப்பா வாசலிலேயே நிறுத்தி உன் பிளேடை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். நடு ஓட்டை சேரவில்லை. என் பையன் அனுப்பினது இதுல மாட்டாதே, எடுத்துட்டுப் போ என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

யாராவது பிளேடுக்காக மிஷினை வேண்டாம் என்பார்களா. ஆனால் எனக்குப் புரிகிறது. நீ கோபித்துக்கொண்டு கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை, நீலக்கோடு போட்ட சட்டை, ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது, போனா போடா என்று அவர் சொன்னார், திரும்பிப் பார்த்தா கேளுங்க என்று நீ சொன்னாய். இரண்டு வருஷம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேருக்கு நீ அனுப்பிய முதல் பொருள் அது. அதைக் கழற்றச் சொன்னால் உன்னையே வேண்டாம் என்று சொல்லச் சொல்கிற மாதிரி பார்க்கிறார்.

மூன்று நாள் அதை ஒளித்து வைத்தேன். அறைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை, நாலாம் நாள் நானே கொடுத்துவிட்டேன். என் கையால் கொடுத்தேன், அதுதான் என்னை அரிக்கிறது. நான் சொல்லி, டாக்டர் சொல்லி, கடைக்காரன் சொல்லிக் கேட்காதவர் நீ சொன்னால் கேட்பார். போனில் சொல்லாதே, சரி சரி என்று வைத்துவிடுவார். கடிதமாக எழுது. அப்பா, நான் தெரியாமல் தப்பான பிளேடை அனுப்பிவிட்டேன், அதைக் கழற்றிவிட்டு மேஜை மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுது. தப்பு என்று சொல்ல உங்கள் வம்சத்தில் ஒருத்தருக்கும் வாய் வராது என்று தெரியும். அந்தச் சண்டைக்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை அவர்தான் கேட்க வேண்டும், நான் விடமாட்டேன். ஆனால் கேட்பதற்கு அவருக்கு மூச்சு இருக்க வேண்டுமே கண்ணா.

இதை எழுதும்போதும் மிஷின் ஓடுகிறது. நின்றால் இருமல் கேட்கும்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். படித்த அன்றைக்கே எழுதிப் போடு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைக்காதே. உறையில் என் பேர் வேண்டாம், அவர் பேரைப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா