வாசலில் நின்ற பத்து நிமிஷம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
20-3-1998

அன்புத் தங்கச்சி வான்மதிக்கு,

நாற்பது நாள்கூட ஆகாத வெண்பாவை ஜப்பான்காரர் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாயாமே! உன் வீட்டுக்காரர் கென் போனில் பெருமையாகச் சொல்கிறார். நம்ம மருதமலை முருகனை மறந்தாச்சா?

குழந்தையைப் பார்க்க வா வா என்கிறாய். நான் வரவில்லை. அங்கே எனக்கு என்ன வேலை, மறுபடியும் கிச்சனில் கேசரி கிண்டவா? ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

கலாவதி


பிரீமாண்ட்
2-4-1998

என் அக்காவுக்கு,

ஸ்வெட்டர் கச்சிதம். உன் கோபம்தான் பெரிய சைஸ்.

அது ஷிண்டோ என்ற அவர்களுடைய பழைய மதத்தின் கோயில். ஆனால் ஓரத்தில் ஒரு சின்னச் சன்னதி, அதில் வீணை மாதிரி ஒன்றோடு பென்தென் என்ற சாமி. உங்கள் சரஸ்வதிதான் இவள் என்று கென்னே சொன்னார். அவர்கள் வீட்டில் புத்தருக்கு ஊதுபத்தி, இங்கே பூசாரி வெள்ளைக் காகிதம் கட்டிய கோலை ஆட்டி ஆசீர்வாதம், வெண்பா நெற்றியில் என் திருநீறு. யாரும் முகம் சுளிக்கவில்லை.

அங்கேயும் தீட்டு உண்டு அக்கா. பெற்றவளுக்கு இன்னும் நாள் ஆகவில்லையாம். என்னை வாசலில் நிறுத்திவிட்டு, மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிஷம்தான். அழுதேவிட்டேன். மாமியாரும் புருஷனை இழந்தவர். அவர் கையில் குழந்தையைக் கொடுக்க அங்கே ஒருத்தரும் யோசிக்கவில்லை.

என் வளைகாப்பில், "அக்கா, நீ கிச்சனைப் பாத்துக்கோ" என்று உன்னை அனுப்பியவள் நான். உன் வீட்டுக்காரர் சேனாபதி மாமா இறந்து அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. வந்த ஆன்ட்டிகள் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தேன். என்னை மன்னிச்சுடு அக்கா.

உன் வான்மதி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
12-4-1998

வான்மதி,

பத்து நிமிஷத்துக்கே அழுகை வந்துவிட்டதா? எனக்கு அன்று நாலு மணி நேரம். ஹாலில் வளையல் சத்தம். நான் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த ஆன்ட்டிகள் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சொன்னது நீ.

தனியாக எழுதுகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஆகஸ்டில் வெண்பாவுக்குச் சோறூட்டுவாய் அல்லவா? வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரையும் கூப்பிடு. அவர்கள் முன்னால் முதல் வாய் நான்தான் ஊட்டுவேன். முடியாதென்றால் இதற்குப் பதில் எழுதாதே.

கலாவதி


பிரீமாண்ட்
26-4-1998

அக்கா,

எல்லோருக்கும் போன் பண்ணி, யார் ஊட்டப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். சாந்தாமணி ஆன்ட்டி, "அவ கையாலயா? நல்லா யோசிச்சுக்கோ கண்ணு" என்று இழுத்தார். "அப்ப நீங்க வர வேண்டாம் ஆன்ட்டி" என்றேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று பேர் வரவில்லை என்றார்கள். சரி என்றேன்.

இந்தக் கவரில் உனக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். ஹாலில் ஒரு ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீ வா.

வான்மதி