சூடம் ஓடாத தண்ணீர்

1973, ஐப்பசி. திங்கள். வடக்குப்பட்டு.

விடாத தூறல். பள்ளிக்கு லீவு போட்டேன். செல்விக்கு இன்றும் வாந்தி. மூன்று வயதுக் குழந்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். கம்பவுண்டர் மருந்து கேட்கவில்லை.

வாங்க: சீரகம், பார் சோப்பு.

அத்தை பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஏற்றாத சூடத்தைக் கிள்ளிப் போட்டார். இவர்கள் வீட்டு வழக்கம். சூடம் ஓடினால் நோய் ஓடும். செல்விக்கென்று நான் காய்ச்சி ஆறவைத்து, மூடி போட்ட டின்னில் வைக்கும் தண்ணீர்தான் சுத்தம் என்று அதில் மொண்டார்.

சூடம் நகரவே இல்லை.

"இன்னாம்மா இது, கல்லாட்டம் நிக்குது!" அழுதுவிட்டார்.

எட்டாம் வகுப்புக்கு நானே செய்து காட்டுவதுதான். சூடம் தண்ணீர்மேல் தானாகச் சுற்றி ஓடும். எண்ணெய் விரலால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத படலம் பரவும், சூடம் நின்றுவிடும். அத்தை கையில் தலைக்கு வைத்த எண்ணெய். அவ்வளவுதான். ஆனாலும் நாளை நானே போட்டுப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்.

மழை இல்லை. தட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கையையும். இன்று புதிதாகக் காய்ச்சி வைத்த டின் தண்ணீர் ஊற்றினேன். சூடம் நின்றது.

தட்டைத் திரும்பத் தேய்த்து, நாங்கள் குடிக்கும் குடத்துத் தண்ணீர். ஓடியது! விளிம்பில் முட்டி முட்டி ஓடியது. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். அப்படியானால் டின். ஐயோ.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "இந்த டின் ஏதுங்க?"

"வயலுக்கு மருந்தடிச்ச காலி டின்னு. கெட்டியா இருந்துச்சேன்னு எடுத்தாந்தேன். சுடுதண்ணி ஊத்தி நல்லா கழுவினேன்டி. இன்னா இப்போ?"

"பூச்சி மருந்தா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. கடைசி பஸ் போய்விட்டது. வண்டி கேட்க ஓடினார்.

புதன். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி.

டாக்டர் டின்னை முகர்ந்து பார்த்தார். "எப்பலேர்ந்து இதுல குடிக்குது?"

"ஆயுத பூஜையிலேர்ந்து."

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. பார்ப்போம்."

செல்வியின் அப்பா வராந்தாவில் தலையில் அடித்துக்கொள்கிறார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. நாள் தவறாமல் ஊற்றிக் கொடுத்தவள் நான். குடி கண்ணு, குடி கண்ணு என்று.

செல்வி கண் திறந்தாள். "அம்மா, தண்ணி."

நர்ஸ் தம்ளரில் கொண்டுவந்தாள். "குடும்மா, குடுக்கலாம்."

முதலில் நான் ஒரு வாய் குடித்தேன். இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை.