லேஞ்சி போட்டுப் பிடித்த கதிரை

அன்றைக்குப் பிரின்சிபலின் அறையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன், பிழை இருந்தால் பிடியும். மேசைக்குப் பின்னால் பிரின்சிபல் மிஸ்டர் ஹார்லன். உயரம் கூடின மனிசன், கதிரையில் இருந்தாலும் நிற்பவர்போலத் தெரிவார். அவருக்குப் பக்கத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான மிஸிஸ் லேவா, சமோவாக்காரி, காதில் பூ. இந்தப் பக்கம் நான். நடுவில், மொழிபெயர்க்கவென்று என் பேத்தி நிரோஜா. கதவோரம், எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்கிய, ஞாயிறு பூசையில் பழக்கமான கோயில்காரி திரேசம்மா, கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு. மூலையில், கொப்பியும் பேனையுமாக ஒரு காலை நீட்டியபடி, நீர்.

உம்முடைய பேரை எழுதமாட்டேன். போன ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் எழுத்து கோணும். எனக்கு இளையவர் என்பதால் நீர் என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அது உரிமைப் பேச்சு.

இன்று சான்ட்ரிங்ஹாம் கடையில் ஒரு மனிசி தைலப் போத்தலைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டாள். அரிசி மூடைக்கும் முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் நடுவிலிருந்து, நீர் முழங்காலுக்குப் பூசுகிற அந்தத் தைலத்தின் மணம் எழும்பியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. உம்முடைய முழங்கால் கடைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அப்படியே நின்றேன்.

அந்த அறைக்கு எங்களைக் கூப்பிட்டது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மகளும் மருமகனும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் எனக்கு இங்கிலிஷ் என்றால் நிரோஜாதான். டொக்டரிடம் போனாலும், பாங்குக்குப் போனாலும், விசாக் கந்தோருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தை மறித்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அதில் என்ன பிழை? நெஞ்சு நோவது எனக்குத் தமிழில். டொக்டருக்கு விளங்குவது இங்கிலிஷில். நடுவில் ஒரு ஆள் வேண்டாமா?

நான் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். கோயில் முழுக்க அவளை இரவல் கேட்டது. முதலில் கேட்டவள் திரேசம்மா. “அக்கா, உங்கட பேத்தியை ஒரு அரைநாளைக்குத் தாங்கோவன், மோர்ட்கேஜ் விசயமா பாங்கில கதைக்கவேணும்” என்று, தேங்காய் திருவலை இரவல் கேட்பதுபோல வந்து நிற்பாள். திருவலையாவது கழுவித் திரும்பி வரும். பிள்ளை களைத்துப்போய் வருவாள்.

அவள் வகுப்புக்குப் போகாத நாளெல்லாம் எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் எடுத்து ஏன் என்று கேட்பது பள்ளிக் கந்தோரில் உம்முடைய வேலை. இங்கிலிஷில் ஏதோ கேட்பீர். நான் “நோ இங்கிலிஷ்” என்பேன். வைப்பதற்கு முன் மனம் ஆறுவதற்காக, “இந்த மூதேவிக்கு வேற வேலை இல்லையோ, நாக்கில புண் வர” என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். நீர் பீஜிக்காரி என்று நிரோஜா சொல்லியிருந்தாள். உமக்கு இருந்ததும் சீனப் புருசனின் பேர். ஆருக்குத் தெரியும்?

பிறகு பள்ளிக்கூடம் எங்களைக் கூப்பிட்டது. பிரின்சிபல் நீளமாகக் கதைத்தார். நிரோஜா குனிந்தபடி, “அம்மம்மா, நான் நல்லாப் படிக்கிறனாம்” என்றாள். மிஸிஸ் லேவா கதைத்தார். “நல்லாச் சாப்பிடச் சொல்லுறா.” பிரின்சிபல் மறுபடி கதைத்தார், நெற்றியைத் தடவிக்கொண்டு. “உங்களைப் பார்த்தது பெரிய சந்தோசமாம்.”

எனக்கு இங்கிலிஷ் தெரியாதுதான். ஆனால் முகம் தெரியும். சந்தோசப்படுகிற மனிசன் எதற்காக நெற்றியைத் தடவுகிறான்?

அப்போதுதான் நீர் பேனையைக் கீழே வைத்தீர்.

“பாட்டி, அவரு அப்படிச் சொல்லல. இன்னும் இதே மாதிரி வராம இருந்தா கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டாங்க. படிப்ப முடிக்க முடியாது. அதான் சொன்னாரு.”

திரேசம்மாவின் கையிலிருந்து திறப்பு விழுந்தது. நிரோஜா சுவரைப் பார்த்தாள். பிரின்சிபலுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து, நீர் என்னை ஏசிவிட்டீர் என்று பயந்து, எனக்கு அவசரமாகத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

“நீர் தமிழோ?” என்றேன்.

“மலேசியா, பாட்டி. கிள்ளான்.”

“அப்ப… போனில நான் சொன்னது?”

“மூதேவி, சனியன், நாக்குல புண்ணு. எல்லாம் வெளங்குச்சு.”

“ஏன் பிள்ளை ஒரு நாளும் வாய் திறக்கேல்லை?”

“எங்கம்மா செத்த பெறகு என்னைத் தமிழ்ல திட்ட இந்த ஊர்ல ஆளே இல்ல, பாட்டி. கேக்க நல்லா இருந்துச்சு லா.”

“பாட்டி எண்டு சொல்லாதையும், எனக்கு அவ்வளவு வயசில்லை. அக்கா எண்டு சொல்லும்” என்று மட்டும் சொன்னேன். கோபத்தை நிரோஜாவின் பக்கம் திருப்பினேன். “ஏனடி பொய் சொன்னனீ?”

“உண்மையைச் சொன்னா நீங்கள் டொக்டரிட்டப் போகாம விட்டிடுவியள், அம்மம்மா.”

அதை நீர் இங்கிலிஷில் பிரின்சிபலுக்குச் சொன்னீர். அவர் மறுபடி நெற்றியைத் தடவினார். இந்த முறை வேறுமாதிரி.

என்னை அஞ்சாம் வகுப்போடு மறித்தவர் என் சித்தப்பா. அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். அவருடைய செத்தவீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் நிரோஜாவின் படிப்பை மறித்தவள் என்று நாளைக்கு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது. அதை அந்த அறையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வழி சொன்னவர் நீர். பிள்ளை வகுப்பை விட்டு அசையக்கூடாது. நான் தனியாகப் போகவேண்டும். போவதற்கு முன், எனக்கு என்ன வருத்தம் என்று நீர் டொக்டரின் நேர்சுக்குப் போனில் சொல்லிவைப்பீர். கந்தோர்ப் போனை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதற்கு எடுக்கலாம் என்று பிரின்சிபல் சம்மதித்தார். விட்டுப்போன பாடங்களைப் பள்ளி விட்ட பிறகு தன் அறையில் இருத்தி எழுதுவிப்பதாக மிஸிஸ் லேவா சொன்னார். சொன்னபடி செய்தார். எழுதி முடிக்காமல் நிரோஜா எழும்பினால், கதவுக்குக் குறுக்கே ஒரு கதிரையைப் போட்டு அதில் தானே உட்கார்ந்துவிடுவாராம். அந்த உடம்பைத் தாண்டி ஆர் வெளியே போவது?

பிழையாய்ப் போனது உம்முடைய போன்தான். எனக்கு மலச்சிக்கல் என்று நேர்சுக்கு நீர் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பிரின்சிபல் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் என்னை எங்கே கண்டாலும், பள்ளி வாசலானாலும் சூப்பர்மார்க்கெட்டானாலும், அந்த உயரத்திலிருந்து குனிந்து, “ஸ்டமக் ஓகே?” என்று கேட்பார். நானும் “ஓகே, ஓகே” என்பேன். நான் பேசிப் பழகிய முதல் இங்கிலிஷ் அது. அந்த மனிசனை அதற்காக நெடுநாள் மன்னிக்காமல் இருந்தேன். பிறகு மன்னித்தேன், ஏனென்றால் அவர் உண்மையாகவே அக்கறையில்தான் கேட்டார்.

தனியாக முதல் தரம் பஸ் ஏறிய நாளில் நீர் சொன்னது, அந்த மலேசிய ‘லா’வோடு, இன்னும் காதில் நிற்கிறது. “பயம் வந்தா டிரைவரைத் திட்டுங்க, அக்கா. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை லா.”

திரேசம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, மிஸிஸ் லேவா தந்துவிட்ட பாடத்தாள்களுடன் நீர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தாள். பாங்கில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம், நிரோஜா வேண்டுமாம். தரமாட்டேன் என்றேன்.

“படிச்சு என்ன கிழிக்கப்போறாள்? ஹென்டர்சனில நான் வேலை செய்யிற பேக்கிங் இடத்தில ஆள் எடுக்கினம். நான் சொன்னால் நாளைக்கே எடுப்பினம்.”

நீர் கோப்பையை மெதுவாக வைத்தீர். “அவ படிக்கட்டும் மா. உங்களுக்கு வேணும்னா நீங்க ஸ்கூலுக்கு வாங்க, ராத்திரி இங்கிலிஷ் கிளாஸ் இருக்கு. அங்க ஒரு சீட்டு காலியாதான் இருக்கு.”

திரேசம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். அந்த “சீட்டு” அவள் மனதில் விழுந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நிரோஜா பரீட்சை எழுதினாள். படிப்பை முடித்த பிள்ளைகளை மேடைக்கு அழைக்கிற நாள் வந்தது. எங்கள் ஊரில் கோயில் கூத்து என்றால் பொழுதுபட முன்னமே போய்ப் பாய் விரித்து இடம் பிடிப்போம். அந்தப் பழக்கத்தில் நானும் மண்டபம் திறந்ததும் போய் முன்வரிசையைப் பிடித்தேன். மகளுக்கு என் குடை. மருமகனுக்குச் செபப் புத்தகம். உமக்கு என் லேஞ்சி, பச்சைக் கரை வைத்த, மூக்குத் துடைக்காத புதுக் கைக்குட்டை. அது பள்ளி நிர்வாகக் குழுவின் பெரிய ஆட்களுக்கான வரிசையாம். எனக்கு ஆர் சொன்னது? அவர்கள் வந்து குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரின்சிபல் ஓடிவந்து, என்னைப் பார்த்து, குடையைப் பார்த்து, பெரிய ஆட்களைப் பின்வரிசைக்குக் கொண்டுபோனார். போகும்போது, “ஸ்டமக் ஓகே?”

உம்மைத் தேடினேன். ஆசிரியர்மாருக்கு மேடையில் கதிரை. கந்தோர் ஆட்களுக்கு ஒரு இடமும் இல்லை. நீர் பிள்ளைகளை வரிசைப்படுத்தி, ஒருத்தனின் டையை இறுக்கி, ஒருத்தியின் கண்ணைத் துடைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்தீர். நான் திரும்பிக் கதிரையைக் காட்டினேன். என் லேஞ்சியைக் கையில் எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி அதில் திரேசம்மா இருந்தாள்.

“எழும்பும். அது அவவுக்கு வைச்ச கதிரை.”

“உங்களைக் காரில ஏத்திக்கொண்டு வந்தது ஆர்? அவவோ?”

நீர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினீர், பரவாயில்லை என்று. சுவரோரம் போய்ச் சாய்ந்து நின்றீர். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அந்த முழங்காலோடு நின்றீர். நன்றி சொன்னபோது பிரின்சிபல் பூ அலங்காரம் செய்தவரைக்கூடச் சொன்னார். உம்மைச் சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் நினைவு வந்து, கேக்கோடு உம்முடைய மேசைக்கு வந்து தலை குனிந்து நின்றாராம். அதனால் அவரை விட்டுவிட்டேன்.

நிரோஜா மேடையிலிருந்து இறங்கியதும் மிஸிஸ் லேவா அவள் கழுத்தில் மிட்டாய் மாலை போட்டார், சமோவாக்காரர் போடுகிற மாலை. அவள் எங்களிடம் வரவில்லை. நேரே சுவரோரம் போய், மாலையைக் கழற்றி உம்முடைய கழுத்தில் போட்டாள். நீர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர். பிறகு வெளியில், அந்த மாலையிலும் இரண்டு மிட்டாயை உருவித் தின்றாள் திரேசம்மா.

நிரோஜா இப்போது மனுகாவில் ஆஸ்பத்திரிக்கு வருகிற தமிழ்க் கிழடுகளுக்கு மொழிபெயர்க்கிறாள். பள்ளிக்கூடத்தைக் கட்டடித்துச் செய்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறாள். பொய் சொல்வதில்லை என்று சத்தியம் செய்கிறாள். உம்முடைய செத்தவீட்டுக்கு அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்வரிசையில் நான் ஒரு கதிரைக்கு அந்த லேஞ்சியைப் போட்டு, கடைசிவரை ஒருத்தரையும் இருக்க விடவில்லை. பாதிரியார் கேட்டதற்கும், ஆள் இருக்கு என்றுதான் சொன்னேன்.

லேஞ்சி இன்னும் என் பையில் இருக்கிறது. பஸ்ஸில் தனியாகத்தான் போய் வருகிறேன். தேவைப்பட்டால் டிரைவரைத் திட்டுகிறேன். இன்றைக்கு அந்தக் கடையில் நானும் ஒரு போத்தல் தைலம் வாங்கினேன். கோயிலில் ஒருத்திக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதாம், நிற்க முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். குனிய முடியாவிட்டால் நானே பூசியும் விடுவேன். என் பக்கத்துக் கதிரையிலும் இருத்துவேன்.

ஆனால், தங்கச்சி, மன்னிப்பு வேறு. சித்தப்பாவை மன்னித்தேன், பிரின்சிபலை மன்னித்தேன், சொல்லாமல் போன உம்மைக்கூட மன்னித்தாயிற்று. மிச்சமிருப்பது ஒரு ஆள், அந்த முழங்கால் பிடித்தவள். திரேசம்மா.